செவ்வாய்க்கிழமையைக் கடலில் தொலைத்தவர்

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட மூன்றரை வருடத்தில், அவர்கள் முகத்துக்கு நேரே நின்று, "இன்றைக்கு நீங்கள் சொல்கிற கிழமை இல்லை, அதற்கு முந்தின கிழமை" என்று வாதாடிவிட்டு, தலையைக் கழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். வேறு யாராவது உண்டென்றால் வாசகர்கள் கடிதம் எழுதித் தெரிவிக்கலாம். நான் நம்பப் போவதில்லை.

அவர் மலாக்காவில், காஜா பேராங் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவருடைய உண்மையான பெயரைப் பங்கீட்டு அட்டையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இப்போது நினைவில்லை. தெருவில் தமிழர்களுக்கு அவர் நேத்துக்காரர். மலாய்க்காரர்களுக்கு பா செமாலாம். அதற்கும் அதே அர்த்தந்தான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன், பள்ளி மூடப்பட்டதும் அரிசிப் பங்கீட்டுக் கிடங்கில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். நானும் தம்பி சாமிநாதனும் அவர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வாடகைக்கு இருந்தோம். ஆகையால் நேத்துக்காரரின் சரித்திரம் எனக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே காதில் விழுந்தது.

சண்டைக்குப் பல வருடங்களுக்கு முன்பு, அவர் வெள்ளைக்காரர் கப்பல் ஒன்றில் முடிதிருத்துபவராக இருந்தார். அந்தக் கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டு, கொழும்பு, சூயஸ், லண்டன் வழியாக அமெரிக்கா போய், அங்கிருந்து பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து ஜப்பானைத் தொட்டு மறுபடி சிங்கப்பூருக்கு வந்தது. போன திசையை மாற்றாமல் மேற்கே மேற்கே போய் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அந்தப் பயணத்தில்தான் நேத்துக்காரர் தம்முடைய செவ்வாய்க்கிழமையைத் தொலைத்தார்.

எப்படித் தொலைந்தது என்பதை அவர் சும்மா சொல்லமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவனின் தலைதான் அவருக்கு உலக உருண்டை. மூக்கு நுனி லண்டன். இடது காது இந்தியா. அந்தக் காதுக்குக் கொஞ்சம் பின்னால், எனக்கு ஒரு மச்சம் இருந்த இடத்தில், மலாக்கா. இன்னும் பின்னே தள்ளி ஜப்பான். வலது காதுப் பக்கம் அமெரிக்கா. பிடரிக் குழி பசிபிக் சமுத்திரம்.

"மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வைக்கச் சொல்லுவான், வாத்தியாரே," என்பார், சீப்பை மலாக்காவிலிருந்து மூக்கு வழியாக வலது காதுக்கு நகர்த்திக்கொண்டே. "இன்னைக்கு அரை மணி, ரெண்டு நாள் கழிச்சு அரை மணி. நமக்கும் சந்தோசந்தான், கூடக் கொஞ்சம் தூக்கம். ஒலகத்தைச் சுத்தி முடிக்கறதுக்குள்ள அந்த அரை மணியெல்லாம் சேர்ந்து இருபத்து நாலு மணி ஆயிரும். அதை அப்படியே விட்டா, ஊர் வந்து சேரும்போது நம்ம கணக்கு ஒருநாள் பின்னால நிக்கும். அதுக்காக இந்தப் பிடரியில ஒரு கோடு போட்டு வெச்சிருக்கான். கோட்டைத் தாண்டினா ஒருநாளை ஒரேயடியாப் பிடுங்கிக்குவான்."

இந்த இடத்தில் சவரக் கத்தி பிடரியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கும். கேட்பவன் அசையாமல் கேட்பான்.

திங்கட்கிழமை இராத்திரி படுத்தவர், காலையில் எழுந்து பார்த்தால் கப்பல் பலகையில் புதன்கிழமை என்று எழுதியிருந்ததாம். அவருக்கு வாரத்தில் ஒரே விடுமுறை செவ்வாய்தான். அன்றைக்கு முழுக்கத் தூங்குவதென்று வைத்திருந்தாராம். நேரே கப்பல் அதிகாரியிடம் போய்ச் செவ்வாய்க்கிழமை எங்கே என்று கேட்டார். இதே கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் ஒரே கிழமை இரண்டு தடவை வரும், அப்போது திருப்பி எடுத்துக்கொள் என்றாராம் அதிகாரி. ஆனால் கப்பல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விஷயம் புரியாதவரோடு வாதாடலாம். நேத்துக்காரருக்கு விஷயம் முழுவதும் புரிந்திருந்தது. உலகம் உருண்டை, கணக்கு சரி, கோடு அவசியம், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். தம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மட்டுந்தான் அவருடைய குறை. ஆகவே மலாக்காவில் வந்து இறங்கிய நாளிலிருந்து, உலகம் புதன் என்றால் அவர் செவ்வாய் என்றார். உலகம் தீபாவளி கொண்டாடினால் அவர் மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். பக்கத்தில் இருந்த, தமிழ் வம்சத்தில் வந்தும் மலாய் மட்டுமே பேசுகிற சிட்டிக் குடும்பத்துப் பெண்கள் பலகாரத் தட்டு அனுப்பினால், வாங்கித் தின்றுவிட்டு, நாளைக்கும் கொஞ்சம் இருந்தால் நல்லது, நாளைக்குத்தான் பண்டிகை என்று மலாயில் சொல்லி அனுப்புவார். அவர்களும் சிரித்துக்கொண்டே மறுநாளும் அனுப்புவார்கள்.

ஊரில் தமிழர் நடத்திய முடிதிருத்தும் கடைகளெல்லாம் செவ்வாய்க்கிழமை அடைத்திருக்கும். இவர் தம் செவ்வாய்க்கு, அதாவது நம் புதன்கிழமைக்கு, அடைப்பார். எனவே செவ்வாயன்று மலாக்கா முழுவதும் தாடியோடு இவர் கடை வாசலில் நின்றது. இந்த மனிதருக்குப் பைத்தியமா, அல்லது நம் எல்லோரையும்விட இரண்டு படி தெளிவா என்று தெருவில் அடிக்கடி விவாதம் நடக்கும். முடிவு ஏற்பட்டதில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடிந்தது. தங்கள் சக்கரவர்த்தி வம்சக் கணக்குப்படி வருடம் இரண்டாயிரத்து அறுநூற்றிரண்டு என்றார்கள். சேவல்களுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை.

நேத்துக்காரர் முரண்டு பிடிப்பார், அடி வாங்குவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் பேசாமல் நாற்காலியைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். கப்பலில் இருந்தவனுக்கு இது பழக்கந்தான் என்றார். ஆனால் கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது புதுக் காலண்டர் எங்கும் கிடைக்காது. பழைய நாடக நோட்டீசுகளின் பின்பக்கத்தில் கிழமைகளைக் கரியால் பெரிதாக எழுதி, ஓர் அடுக்காகக் கடைச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பார். சாலையின் மறுபக்கத்திலிருந்தே படிக்கலாம். ஜப்பானியர் ஆண்ட ஊரின் நடுவில், அந்தத் தாள் மட்டும் ஒருநாள் பின்தங்கித் தொங்கியது.

வம்பு காவல் படை வழியாக வந்தது. வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை முறைபோட்டுச் சந்திப்புக் கொட்டகையில் கையில் பட்டை கட்டிக்கொண்டு பகல் முழுவதும் காவல் உட்கார வேண்டும். புதன்கிழமை கடை அடைத்திருக்கிறதே என்று நேத்துக்காரருக்குப் புதன்கிழமையை ஒதுக்கினார்கள். அவர் தம் புதனுக்கு, அதாவது வியாழனன்று, போய் உட்கார்ந்தார். வியாழக்கிழமைக் கொட்டகையில் இரண்டு பேர், புதன்கிழமைக் கொட்டகையில் காற்று. இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை ஒரு ஜப்பானிய சார்ஜெண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டான்.

நேத்துக்காரரைப் பண்டார் ஹிலிரில் கடற்கரையோரம் இருந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த குற்றத்துக்காக என்னையும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்தது சுமார் நூறு வார்த்தை. அதில் பாதி பழங்களின் பெயர்.

மேசைக்குப் பின்னால் நடுத்தர வயது அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரிகளும் படகுகளும் அவர் பொறுப்பு. தலையை மொட்டையாக வைத்திருந்தார். மேசை மேல் உறையோடு ஒரு வாள். இவன் ஏன் காவலுக்கு வரவில்லை என்று கேட்டார். நான் நேத்துக்காரரைக் கேட்டேன். அவர், வந்தேனே, புதன்கிழமை வந்தேனே என்றார். நடந்ததைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வெள்ளைக்காரன் கப்பல் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கடலில் இவருடைய செவ்வாய்க்கிழமை இல்லாமல் போயிற்று என்பதை என் நூறு வார்த்தைக்குள் அடக்கிப் பார்த்தேன். ஜப்பானிய மொழியில் செவ்வாய்க்கு கயோபி, கடலுக்கு உமி, இல்லை என்பதற்கு நாய்.

"கயோபி," என்றேன். "உமி. நாய்."

அதிகாரி என்னையே பார்த்தார். நேத்துக்காரரும் என்னைப் பார்த்தார்.

"நாயின்னா சொன்னீங்க, வாத்தியாரே?" என்றார் மெதுவாக. "என்னையா?"

அது உங்களை இல்லை, அண்ணே என்று அவரைச் சமாதானப்படுத்துவதா, அதிகாரிக்கு விளக்குவதா என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, நேத்துக்காரர் என்னை நம்புவதில் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டார். "துவான், மிந்தா மாஃப்," என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேசையைச் சுற்றிப் போய், அதிகாரிக்குப் பின்னால் நின்று, அந்த மொட்டைத் தலையின் மேல் இரண்டு கையையும் வைத்தார். வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான்.

நேத்துக்காரர் எதையும் கவனிக்கவில்லை. மூக்கைத் தொட்டு, லண்டன் என்றார். காதுக்குப் பின்னால் தொட்டு, மலாக்கா என்றார். கப்பல் மூக்கைத் தாண்டி, வலது காதைத் தாண்டிப் பிடரிக்கு வந்தது. அங்கே விரல் நகத்தால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, "சினி," என்றார். இங்கே என்று அர்த்தம். "செலாசா ஹிலாங்." செவ்வாய் காணாமல் போனது.

அதிகாரி கையை உயர்த்தினார். சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான். அவர் ஏதோ ஒரு நீண்ட சொல்லை மெதுவாகச் சொன்னார். அது தேதிக் கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சண்டைக்கு முன்னால் அவரும் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவராம். அந்தக் கோட்டைப் பலமுறை தாண்டியிருக்கிறாராம். அமெரிக்கா போகும்போது ஒருநாள் கூடும், திரும்பும்போது ஒருநாள் குறையும், தமக்குக் கணக்கு நேராகிவிட்டது என்று அரைகுறை மலாயில் சொன்னார். நேத்துக்காரர் அவரை மிகவும் அதிர்ஷ்டசாலி என்று பாராட்டினார்.

தண்டனையாக, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அதிகாரிக்குச் சவரம் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. காவலுக்கு இனி வர வேண்டாம். வெளியே வந்ததும் நான் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர், அந்தத் தலை நல்ல உருண்டை, விளக்கிச் சொல்ல வசதியாக இருந்தது என்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. மறு வருடம் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். பிறகு ஊருக்குள்ளும் வந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவரத்துக்குப் போய்த் திரும்பிய நேத்துக்காரர் கடையைத் திறக்காமல் நேரே என் அறைக்கு வந்தார். தம்பி சாமிநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதிகாரியின் லாரி ஓட்டுநர் மாட் என்ற மலாய்க்காரர், புக்கிட் ரம்பாய்வாசி, நேத்துக்காரர் காதில் ஒரு சேதி போட்டிருந்தார். காஜா பேராங்குக்கு மூன்று லாரி வரப் போகிறது. திடகாத்திரமாக இருக்கிற ஆண்களையெல்லாம் ஏற்றப் போகிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு," என்றார்.

நான் கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் கேட்டாக வேண்டியிருந்தது. "எந்தச் செவ்வாய், அண்ணே?"

அவர் என் தம்பியைப் பார்த்தார். "உங்க செவ்வாய்," என்றார். "நாளன்னைக்கு."

அன்று சாயங்காலமே எனக்கு நம்பிக்கையான நாலைந்து பேரிடம் சொன்னேன்; அவர்கள் வழியாகச் சேதி மெல்லத் தெருவெங்கும் கசிந்தது. ஒவ்வொருவனும் நான் கேட்டதையே கேட்டான். நேத்துக்காரர் செவ்வாய் என்றால் புதன் என்றுதானே அர்த்தம், பத்து வருடமாக அப்படித்தானே, இன்னும் ஒருநாள் இருக்கிறதே என்றார்கள். வீடு வீடாகப் போய் விளக்கவும் முடியாது. தெருவில் காட்டிக்கொடுக்கிறவன் யாரென்று யாருக்குத் தெரியும். பால்கார முத்தையா மட்டும் உரக்கவே சிரித்தார். அந்த மனிதன் சொல்லும் கிழமையை நம்பி நான் என் மாடுகளை விட்டுவிட்டு ஓடுவதா என்றார்.

இதையெல்லாம் நான் நேத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கப்படி அவர் சுவரில் ஞாயிறு என்ற தாள் தொங்க வேண்டும். காலையில் கடைக் கதவைத் திறந்தவர், சனிக்கிழமைத் தாளைக் கிழித்தார். ஞாயிறு தெரிந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் கிழித்தார். கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார்.

சுவரில் திங்கள் என்று கொட்டை எழுத்தில் தொங்கியது. அன்று திங்கள்தான்.

அந்தக் காலை நேரத்தை என்னால் மறக்க முடியாது. கடையைக் கடந்து போனவர்கள் வழக்கம்போல் உள்ளே ஒரு பார்வை பார்த்தார்கள். இரண்டடி நடந்தார்கள். நின்றார்கள். திரும்பி வந்து மறுபடி பார்த்தார்கள். அந்த மனிதர் தம் கிழமையை விட்டார் என்றால் அது விளையாட்டு இல்லை என்பது தெரு முழுவதற்கும் புரிந்தது. மத்தியானத்துக்குள் மண்வெட்டியும் கோணிப்பையுமாக ஆண்கள் இரண்டு பேர், மூன்று பேராகப் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போனார்கள். என் தம்பியும் போனான். அங்கே அவ்வளவு கிழங்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை, பொழுது விடிகிற நேரத்தில் மூன்று லாரிகள் வந்தன. தெருவில் பெண்களும் கிழவர்களும், கிடங்குக் கிராணி என்ற அட்டை வைத்திருந்த நானும், கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நேத்துக்காரரும் இருந்தோம். அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டதால் அவரை வேண்டாமென்று தள்ளினார்கள். ஆண்களெல்லாம் எங்கே என்று கேட்டார்கள். நேற்று இருந்தார்கள் என்றார் அவர். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்த முத்தையாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய மாடுகள் அன்று வெகுநேரம் கத்தின. கடைசியில் நேத்துக்காரர்தான் போய்த் தீனி வைத்தார்.

அன்று சவரத்துக்கும் போயாக வேண்டிய நாள். போகாதீர்கள் என்றேன். போகாவிட்டால் கேட்பார்கள் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். அங்கே நடந்ததை எனக்கு அவரே சொன்னார். கன்னத்தில் சோப்பு நுரை பூசிக் கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோனபோது, அதிகாரி கண்ணைத் திறந்து, இன்றைக்கு உனக்கு என்ன கிழமை என்று மலாயில் கேட்டாராம். அந்தக் கேள்வியை எப்போதும் வேடிக்கைக்குக் கேட்பாராம். அன்று முகத்தில் வேடிக்கை இல்லை. திங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது என்றார் நேத்துக்காரர். ஆனால் கடைச் சுவரில் செவ்வாய் என்று தொங்குவதைச் சிப்பாய்கள் பார்த்திருப்பார்களே.

"செலாசா," என்றாராம். செவ்வாய்.

அதிகாரி அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினார். பசிபிக் புயலிலும் யாரையும் கீறாத கத்தி அன்று தாடைக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் போட்டது. அதிகாரி அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, நாளை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவருக்கு விஷயம் புரிந்ததா, கீறலுக்காகக் கோபமா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச நாளில் அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜப்பான்காரர்கள் போனார்கள். கடிகாரங்கள் பின்னால் வந்தன. மறுநாளே நேத்துக்காரர் கடையில் ஒரே கிழமைத் தாள் இரண்டு நாள் தொங்கியது. மறுபடி ஒருநாள் பின்னே போய்விட்டார். அவசரத்துக்குக் கொடுத்தேன், அவசரம் முடிந்தது என்றார்.

சில மாதம் கழித்து முத்தையா சயாமிலிருந்து திரும்பினார். காலில் பெரிய புண்ணின் வடு. பாதி ஆளாக இருந்தார். ஒரு காலையில் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நேத்துக்காரர் துணியைப் போர்த்தினார். முடி பாதி விழுந்த பிறகு முத்தையா கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைண்ணே?"

"உனக்கு எது வேணுமோ அது," என்றார் நேத்துக்காரர்.

தபால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய மகள் எழுதினாள். பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்துவிடுங்கள் என்று நாலைந்து கடிதம். கடையை விற்றுவிட்டுப் புறப்பட்டார். நானும் தம்பியும் சிங்கப்பூர்த் துறைமுகம் வரை கொண்டுபோய் விட்டோம். கப்பலேறுகிற இடத்தில் அவர் என்னைத் திருப்பி நிறுத்தி, சட்டைக் காலரை நீவிவிட்டு, பிடரியில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு முடித்துணுக்கை ஊதித் தள்ளினார். மலாக்காவில் வேறு கடையில் வெட்டிக்கொள்ளும்போது காதோரம் ஜாக்கிரதை, அவசரக்காரப் பயல்கள் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

தம்பி ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்றான். கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை நின்றோம். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் அங்கேயே நின்றேன்.